ரூபாய்க்கு 10 காசு: ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட நூலகம் எப்படி இருக்கிறது?

ஊராட்சியில் வீட்டு வரி கட்டிய ரசீது கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குப் பக்கத்திலேயே நூலக வரி என்று ஒரு சின்னத் தொகை தனியாகப் போட்டிருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 600 என்றால் நூலக வரி 60. நகரங்களில் சொத்து வரியோடு சேர்ந்தே இது போய்விடுவதால் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதையும் கணக்கில் வைத்துத்தான் வாடகை சொல்கிறார்.

இந்த வரிக்கு அடிப்படை 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் நூலகத்துக்கென்று போட்ட முதல் சட்டம் அதுதான். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் தட்டித் தட்டித் திறந்த கதவு அது. இன்று தமிழ்நாடு முழுக்க 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு முக்கியக் காரணம் அந்த வரிப்பணம்.

அதனால் இந்த மதிப்பீட்டில் நூலகத்தை ‘இலவசச் சேவை’ என்று எடுத்துக்கொள்ளவில்லை. முன்பணம் கட்டிய சேவை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டிய பணத்துக்கு வீட்டுச் செலவில் எவ்வளவு திரும்ப எடுக்கலாம், எந்தச் செலவுக்கு இது உதவாது, எங்கே ஏமாற்றம் வரும் என்பதுதான் கேள்வி.

முதலில் எந்த நூலகம் என்று பார்க்க வேண்டும். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நான்கு தரம் உண்டு. பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும். மாவட்ட மைய நூலகமும் முழுநேரக் கிளை நூலகமும் காலையில் திறந்தால் இரவுவரை இருக்கும். சாதாரணக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், நடுவில் பூட்டு. பகுதிநேர நூலகம் பெயருக்கேற்றபடி. இந்தச் சிறிய நூலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. புதிதாகப் போகிறவர்கள் அரசு அலுவலகம் மாதிரி ஞாயிறு மூடியிருக்கும் என்று நினைத்து வெள்ளியன்று போய்த் திரும்புவது வழக்கமாக நடப்பது. ஞாயிறுதான் திறந்திருக்கும். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

ஊர்ப்புற நூலகங்களில் இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரே ஒரு ஆள்தான். பெருக்குவது, பேப்பர் அடுக்குவது, பதிவேடு எழுதுவது, மாவட்ட அலுவலகத்துக்குக் கணக்குக் கொண்டுபோவது எல்லாம் அவரே. அவர் அலுவலகத்துக்குப் போன நாளில் கதவு பூட்டியிருக்கும். தொலைவிலிருந்து போகிறவர்கள் நூலகரின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

உறுப்பினர் ஆவது கஷ்டமில்லை. விண்ணப்பம் நூலகத்திலேயே கிடைக்கும். புகைப்படம், ஆதார் அல்லது வேறு முகவரிச் சான்றின் நகல் கொண்டுபோனால் போதும். சில இடங்களில் பொறுப்புக் கையெழுத்து ஒன்று கேட்பார்கள். தெரிந்த அரசு ஊழியரோ ஆசிரியரோ போட்டால் ஏற்றுக்கொள்வார்கள். கட்ட வேண்டியது இரண்டு: திரும்பி வரும் வைப்புத்தொகை, திரும்பி வராத ஆண்டுச் சந்தா. நூலகத்தின் தரத்தையும், ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்க வேண்டும் என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். ஆனால் கிளை நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கான உறுப்பினராக 100 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறை வரும் அளவுக்குத்தான் இருக்கும். கையில் சில்லறையாகவே கொண்டுபோங்கள். கல்லா வைத்து நடத்துகிற இடம் இல்லை அது. வைப்புத்தொகைக்குக் கொடுக்கும் ரசீதை வீட்டில் பத்திரங்கள் இருக்கிற கவரிலேயே போட்டு வையுங்கள். ஊர் மாறும்போது அது இல்லாவிட்டால் பணத்தைக் கேட்கவே வாய் வராது.

1,000 ரூபாய் கொடுத்துப் ‘புரவலர்’ ஆகலாம் என்றும் சொல்வார்கள். அது நன்கொடை. பலகையில் பெயர் வரும். வீட்டுச் செலவைக் குறைக்க என்று பார்த்தால் அது தேவையில்லை. நூலகத்துக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யலாம்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் பல நூலகங்கள் உறுப்பினர் சேர்க்கையைத் தீவிரமாக நடத்துவார்கள். வேறு நாளில் ‘அப்புறம் வாங்க’ என்று தள்ளிப்போகிற வேலை அந்த வாரத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும்.

பேப்பர் கணக்கு

பலரும் முதலில் சொல்வது, “பேப்பரை நிறுத்திவிட்டு லைப்ரரியில் படித்தால் மிச்சம்” என்பது. கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். நாளிதழ் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 300. ஆனால் பேப்பர் வாங்குகிற வீட்டுக்குப் பழைய பேப்பர்காரர் கொடுக்கிற காசு ஒன்று உண்டு. 16 பக்க நாளிதழ் ஒன்று ஏறக்குறைய 70 கிராம். இணைப்பிதழ்களோடு மாதத்துக்கு இரண்டரை கிலோ சேரும். கிலோ 12 ரூபாய் என்றால் 30 ரூபாய். ஆக உண்மையான மிச்சம் 270, ஆண்டுக்கு 3,240. சமையலறை அலமாரியில் விரிக்கவும், ஜன்னல் துடைக்கவும் பேப்பர் இல்லாமல் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது வேறு.

இந்த 3,240 யாருக்குக் கிடைக்கும்? தினம் நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பவருக்கு. ஓய்வுபெற்றவர்கள் காலை நடையை நூலகத்தில் முடித்தால் நான்கைந்து நாளிதழ்களைப் பார்த்துவிட்டு வரலாம். திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் தமிழ் நாளிதழ்களுக்குப் போட்டி இருக்கும். ஒரு பேப்பர் நான்கு ஆளிடம் நான்கு துண்டாக இருக்கும். பத்து மணிக்கு மேல் போனால் முழுசாகக் கிடைக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேப்பருக்காக வண்டி எடுத்தால் கணக்கு உடைந்துவிடும். ஐந்து கிலோமீட்டர் போய் ஐந்து கிலோமீட்டர் வந்தால், லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டியில், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் 20 ரூபாய். பேப்பரே 10 ரூபாய்தான்.

ஆகவே நாளிதழை நிறுத்துவதைவிட வார, மாத இதழ்களை நிறுத்துவது புத்திசாலித்தனம். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். 35 ரூபாய் இதழ் இரண்டு வாங்குகிற வீட்டுக்கு மாதம் 280 மிச்சம். மேசைமேல் இருப்பது புது இதழ் மட்டும். போன வார இதழ்கள் உள்ளே கட்டாக இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். தொடர்கதையில் விட்டுப்போன வாரத்தை அப்படிப் பிடித்துவிடலாம். இதழ்களைப் பொதுவாக வீட்டுக்குக் கொடுப்பதில்லை. வேலைவாய்ப்புப் பக்கம், கோலப் பக்கம், சமையல் இணைப்பு மூன்றும் பிளேடுக்குத் தப்புவது அரிது. கிழித்தெடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: கைபேசியில் படமெடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

குழந்தைப் புத்தகங்கள்

வீட்டுக்கு நூலகம் கொடுக்கிற லாபத்தில் அதிகம் பேசப்படாதது இது. படக்கதைப் புத்தகம் ஒன்று 16 பக்கம், 24 பக்கம் இருக்கும். விலை தமிழில் ஐம்பதிலிருந்து நூறுக்குள், ஆங்கிலத்தில் அதற்கும் மேலே. குழந்தை அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். பிடித்திருந்தால் ஐம்பது முறை படிக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. எது பிடிக்கும் என்று கடையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. நூலகம் அந்தச் சூதாட்டத்தைச் செலவில்லாமல் ஆட விடுகிறது. இரண்டு வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்து, திரும்பத் திரும்பக் கேட்கிறதை மட்டும் கடையில் வாங்குங்கள்.

கிளை நூலகங்களில் குழந்தைகள் பகுதி ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இடங்களில் தாழ்வான அலமாரி, சின்ன நாற்காலி, வண்ணச் சுவர் என்று நன்றாகவே இருக்கும். சில இடங்களில் ‘சிறுவர் நூல்கள்’ என்ற பலகைக்குக் கீழே பொது அறிவு வினா விடையும் தலைவர்கள் வரலாறும் மட்டுமே இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது உதவாது. போய்ப் பார்த்துவிட்டு உறுப்பினராகுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் இன்னும் பெரிதாக இருக்கும்.

பணம் கையை விட்டுப் போகிற இடமும் இதுதான். தாமதத்துக்குப் போடுகிற தண்டம் மிகச் சின்னது, அதற்குப் பயப்பட வேண்டாம். தொலைந்தால்தான் சிக்கல். அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது விலையோடு கூடுதலாகக் கட்ட வேண்டும். 300 ரூபாய்ப் புத்தகம் ஒன்று தொலைந்தால் ஒரு மாத மிச்சம் காலி. நூலகப் புத்தகங்கள் தொலைகிற வழிகள் பெரும்பாலும் இரண்டே இரண்டு. ஒன்று, பள்ளிப் பைக்குள் போய்ப் பக்கத்துப் பையனோடு வீடு மாறுவது. இன்னொன்று, பழைய பேப்பர் கட்டுக்குள் சிக்கி எடைக்குப் போவது. இரண்டாவதை நம்ப மறுப்பவர்கள் பழைய புத்தகக் கடைகளில் நூலக முத்திரையோடு கிடக்கிற புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கலாம். வீட்டில் நூலகப் புத்தகத்துக்கென்று ஒரு துணிப்பை வைத்து, ஆணியில் மாட்டிவிடுங்கள். படிக்காத நேரத்தில் புத்தகம் அந்தப் பைக்குள். அவ்வளவுதான், இதற்கு மேல் ஏற்பாடு வேண்டாம்.

புத்தகத்தை எடுக்கும்போதே நின்று புரட்டிப் பாருங்கள். பக்கம் கிழிந்திருக்கிறதா, நடுவில் சில பக்கங்கள் விடுபட்டிருக்கிறதா, தண்ணீர் பட்டு ஒட்டியிருக்கிறதா. இருந்தால் அங்கேயே நூலகரிடம் காட்டி, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே கொண்டுபோன பிறகு சொன்னால், கிழித்தது நீங்கள்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொண்டால் நல்ல புத்தகம் தேடுகிற நேரம் பாதியாகும். ஊதா மையில் வரிசையாகத் தேதி குத்தியிருப்பார்கள். மூன்று மாதத்தில் ஆறு தேதி என்றால் ஊரில் நாலு பேருக்குப் பிடித்த புத்தகம். சீட்டு நிரம்பி, மேலே இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் யோசிக்காமல் எடுங்கள். கடைசித் தேதி பத்து வருடத்துக்கு முந்தியது என்றால் அது யாருக்கும் வேண்டாத புத்தகமாகவும் இருக்கலாம். யார் கண்ணிலும் படாத புதையலாகவும் இருக்கலாம். பழைய பயண நூல்கள், வட்டார வரலாறுகள், பல பதிப்பகங்கள் மறுபதிப்பே போடாத மொழிபெயர்ப்புகள் இப்படித்தான் கீழ்த்தட்டில் தூசியோடு கிடக்கும். பழைய புத்தகக் கடையில் அதே பிரதிக்குச் சொல்கிற விலையைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போட்டித் தேர்வு: பெரிய மிச்சம் இங்கேதான்

தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் சில்லறை. நகரங்களில் தனியார் படிப்பரங்குகள் ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்டுக்கு மாத வாடகை வாங்குகின்றன. மாதம் 1,000 என்றே வைத்தாலும் பத்து மாதத் தயாரிப்புக்கு 10,000. வழிகாட்டி நூல்கள் ஒவ்வொன்றும் 500, 600 என்று நான்கைந்து வாங்கினால் இன்னும் 2,500. நடப்பு நிகழ்வுகள் மாத இதழ் தனி. இந்த மூன்றையும் நல்ல நூலகம் ஒன்று ஏறக்குறைய முழுசாகவே மிச்சப்படுத்தும்.

இடத்தைப் பொறுத்தவரை, மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுப் பிரிவு தனியாக இருக்கும். நகராட்சிகள் அண்மை ஆண்டுகளில் கட்டிய ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ பெரும்பாலும் தேர்வர்களை மனதில் வைத்தே கட்டப்பட்டது. அது பொது நூலகத் துறையின் கீழ் வராது, தனி நிர்வாகம். உங்கள் ஊரில் இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். பார்க்க வேண்டியவை: சொந்தப் புத்தகத்தை உள்ளே அனுமதிக்கிறார்களா, பை வைக்க இடம் உண்டா, மின்விசிறிக்குக் கீழே எத்தனை மேசை, கழிப்பறை திறந்திருக்கிறதா அல்லது பூட்டிச் சாவி அலுவலகத்தில் இருக்கிறதா. கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். எட்டு மணி நேரம் உட்காரப் போகிற பெண்ணுக்கு அதுதான் முதல் கேள்வி. பல சிறிய நூலகங்கள் இந்த ஒரு விஷயத்தில் தோற்றுப்போகின்றன.

நல்ல இருக்கை வேண்டுமானால் திறக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் நிற்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு கூட்டம் இரட்டிப்பாகும். அறிவிப்புக்கு முன்பே வழக்கமாக வருகிறவர் என்று முகம் தெரிந்திருந்தால் நூலகரே இடம் பார்த்துக் கொடுப்பார். துண்டு, தண்ணீர்ப் பாட்டில் வைத்து இடம் பிடிக்கிற பழக்கம் பேருந்தில் மட்டும் இல்லை.

புத்தகத்தில் ஒரு பொறி இருக்கிறது. நூலக அலமாரியில் தேர்வு வழிகாட்டிகள் நிறைய இருக்கும், ஆனால் பாதி பழைய பாடத்திட்டத்துக்கானவை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 2018, 2019 கல்வியாண்டுகளில் முழுசாக மாற்றப்பட்டன. தேர்வாணையக் கேள்விகள் அந்த நூல்களை ஒட்டியே வருவதால், அதற்கு முந்தைய பாடநூலையோ அதை வைத்துத் தயாரித்த வழிகாட்டியையோ படித்தால் உழைப்பு வீண். அட்டை புதிதாக இருக்கலாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். குரூப் 4 தேர்வு என்றால் 200 கேள்வி, அதில் 100 தமிழ். இந்த 100க்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள்தான் அடிப்படை. அவை அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களும் தேர்வாணையத் தளத்திலேயே உண்டு. ஆகவே பாடநூலைக் கைபேசியிலோ அச்செடுத்தோ படியுங்கள். வரலாறு, அரசமைப்பு, பொருளாதாரம் ஆகியவற்றில் ஆழமாகப் பார்க்க வேண்டியதற்கு மட்டும் நூலக அலமாரிக்குப் போங்கள். கணிதத் திறனறிவுக்குப் பழைய பதிப்பு வழிகாட்டி தாராளமாகப் போதும், தனிவட்டி மாறப்போவதில்லை. நடப்பு நிகழ்வுக்கு இதழ்களின் கடந்த மாதக் கட்டுகளைக் கேட்டு வாங்கி, நோட்டில் ஒரு வரிக் குறிப்பாக எழுதுங்கள். ஜெராக்ஸ் எடுத்துக் குவிப்பவர்கள் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை, பக்கத்துக்குக் கொடுத்த காசுதான் வீண்.

பார்வை நூல் என்று முத்திரை குத்தியவை வெளியே வராது. அகராதி, கலைக்களஞ்சியம், விலை உயர்ந்த தேர்வு நூல்கள் இந்த வகை. இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எடுக்கலாம் என்று திட்டம் போடும் முன் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய நூலகங்கள்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டும் வேறு உலகம். உள்ளே போய்ப் படிக்கக் கட்டணம் இல்லை. அண்ணா நூலகத்தின் தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தேர்வர்கள் காலையிலேயே நிரம்பிவிடுவார்கள். குழந்தைகள் பகுதியில் நடுவே ஒரு செயற்கை மரம், சுற்றிலும் புத்தகம். மே மாத வெயிலில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாலுக்குப் போய் ஆகிற செலவை நினைத்தால், ஒரு பகல் முழுக்க இங்கே கழிப்பது குடும்பத்துக்குக் கணிசமான மிச்சம். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவும் பெண்ணும் போய்வரச் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான்.

சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. கிளை நூலகத்தில் கிடைக்காத புத்தகத்தைத் தேடுகிறவர்கள் கடைசியாக வந்து நிற்க வேண்டிய இடம். ஆய்வு மாணவர்களுக்கு இது பணத்தைவிட நாட்களை மிச்சப்படுத்தும்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் பேருந்து ஏறவே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெருமளவு கிடைக்கிறது, பதிவுக் கட்டணம் இல்லை. ஆனால் அவை பக்கத்தைப் படமெடுத்த கோப்புகள். சின்னக் கைபேசித் திரையில் கண் வலிக்கும், கோப்பும் பெரிது. வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு கணினியிலோ டேப்லட்டிலோ படிப்பதே நல்லது.

எங்கே கைவிடும்

புது நாவல் வேண்டும், போன மாதம் எல்லோரும் பேசிய புத்தகம் வேண்டும் என்றால் கிளை நூலகத்தை நம்பாதீர்கள். கிளை நூலகர் கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்குவதில்லை. பதிப்பகங்கள் விண்ணப்பித்து, தேர்வாகி, விலை முடிவாகி, மாவட்டத்துக்கு வந்து, பதிவெண் போட்டு அலமாரிக்கு வருவதற்குள் பேச்சு ஓய்ந்திருக்கும். வாசகர் பரிந்துரைக்குப் பதிவேடு உண்டு, எழுதுங்கள்; ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த வகை வாசகருக்கு நூலகத்தின் பயன் வேறு: புத்தகக் காட்சிக்கு முன் ஒத்திகை பார்ப்பது. ஓர் எழுத்தாளரின் பழைய நூல் ஒன்றை நூலகத்தில் எடுத்து ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள். ஓடினால் புதியதை வாங்கலாம். காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் நிற்கிற புத்தகங்களைவிட நூலகத்தில் எடுத்துப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த புத்தகம் எவ்வளவோ லாபம்.

தேடுவது அடுத்த குறை. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நூலகத்துக்கென்று ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அவர் பிறந்த மாநிலத்தின் சிறிய நூலகங்கள் அதிகம் மீறுவதும் அதைத்தான். வாசகர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கோ செருகிவிடுவதால் அடுக்கு குலைந்திருக்கும். ஒற்றை ஆளால் தினம் சரிசெய்ய முடியாது. முதுகில் ஒட்டிய எண் உதிர்ந்திருக்கும். நூலகரிடம் தலைப்பைச் சொல்லிக் கேட்பதைவிட, ‘இவருடைய புத்தகம் எந்தத் தட்டில் இருக்கும்’ என்று கேட்டால் பலன் அதிகம். அடுக்கு அவர் நினைவில்தான் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் நூலகமே கொஞ்ச நாள் தொலைந்துபோகும்.

பொறியியல், மருத்துவம், கணினி மொழிகள் போன்ற பாடங்களுக்குக் கிளை நூலகம் உதவாது. இருப்பவை பழையவை. அதற்குக் கல்லூரி நூலகமோ மேலே சொன்ன பெரிய நூலகங்களோதான்.

நடக்க முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிற வீட்டுக்கு நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எல்லாக் கிளையிலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. உங்கள் நூலகத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் பெயரில் அட்டை எடுத்து, பெரியவருக்கு வேண்டியதை எழுதி வாங்கிக்கொண்டு போவதில் தடையொன்றும் இல்லை. எழுத்து பெரிதாக அச்சான பழைய பதிப்புகளைப் பார்த்து எடுங்கள்; தொண்ணூறுகளின் மலிவுப் பதிப்புகளில் எழுத்து கடுகு மாதிரி இருக்கும்.

வீடு மாறும்போது செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. லாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே துணிப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே நிலுவை இல்லை என்று பார்த்துவிட்டு, அட்டையையும் ரசீதையும் ஒப்படைத்து வைப்புத்தொகையைக் கேளுங்கள். தொகை சின்னதுதான், அன்றே கையில் கிடைக்காமலும் போகலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அட்டைப்பெட்டிக்குள் நூலகப் புத்தகம் வேறு மாவட்டத்துக்குப் போகாமல் தடுக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.